டிரில் டீச்சர் படிப்பா?

உங்கள் வீட்டுப் பெண் பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கும் நன்றாகவே வந்திருக்கிறது. மறுநாள் காலையிலிருந்தே ஆலோசனைகள் வாசலில் வந்து குவியும். எதிர்வீட்டு மாமி டாக்டருக்குப் படிக்க வைக்கச் சொல்லுவார். மாடிவீட்டுக்காரர் கம்ப்யூட்டர் என்பார். பால் பாக்கெட் போடுகிறவர்கூடத் தம் பங்குக்கு, "பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பாக்கெட்டைக் கையில் கொடுப்பார். இந்த அமளிக்கு நடுவே அந்தப் பெண் மெல்லிய குரலில், "நான் உடற்பயிற்சியைப் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கையிலிருக்கும் கரண்டியைக் கீழே போடுவீர்கள்!

என் அண்ணன் கரண்டியைப் போடவில்லை. அவர் கையில் கரண்டி இல்லை. "என்னது, டிரில் டீச்சர் படிப்பா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்கள் குடும்பத்தில் மூன்று வருஷம் ஓயவில்லை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஏனென்றால், அதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம்.

எங்கள் ஊர் குருவிகுளம். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு திருநெல்வேலி ஜில்லா. 2019-ல் தென்காசி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதில் சேர்ந்துகொண்டது. கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெண்கள் காட்டு வேலைக்குப் போவார்கள். இல்லையென்றால் ஆபீஸுக்குப் போவார்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்லுவது. அதனால், "எங்கள் பக்கம் ஆபீஸுக்குப் போகாத பெண்ணே கிடையாது" என்று நான் சென்னைச் சிநேகிதிகளிடம் பெருமையடித்துக்கொள்வது உண்டு.

அந்த ஊரிலிருந்து என் அண்ணன் மகள் சென்னைக்கு வந்து ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் பி.பி.டி. என்ற பட்டப் படிப்பு. தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். அவள் சேர்ந்தபோது நாலு வருஷம் வகுப்பு, அதன் பிறகு ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று விதி. வாரக் கடைசியில் ஹாஸ்டலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

டிரில் டீச்சர் வேலை மட்டமானது என்று நான் சொல்லுவதாக யாரும் நினைக்கவேண்டாம். 1920-லேயே ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்துவிட்டார். உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே 2004-ல் தனிச் சட்டம் இயற்றி ஒரு பல்கலைக்கழகத்தையும் தமிழ்நாடு உண்டாக்கியது. நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களை இன்னும் திடமாக்குவது அந்தப் படிப்பு. என் மருமகளின் படிப்போ, நோயாளிக்கும் மெலிந்தவருக்கும் பயிற்சியையே மருந்தாகக் கொடுப்பது. இரண்டும் அக்கா தங்கை மாதிரி. ஆனால் ஒருத்தியை இன்னொருத்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருவருக்குமே கோபம் வரும்!

முதல் வருஷம் முழுவதும் எலும்பும் தசையும்தான். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். "அத்தை, இப்போ உங்க கட்டைவிரலை அசைக்கிறது எந்தத் தசை தெரியுமா?" என்பாள். எனக்கு என்ன தெரியும்? காய் நறுக்கத் தெரியும். மனித உடம்பில் 206 எலும்புகள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்போம். அவளோ ஒவ்வொரு எலும்பிலும் எந்தத் தசை எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது, எந்த நரம்பு அதற்கு உத்தரவு போடுகிறது என்பது வரையில் மனப்பாடம் செய்தாகவேண்டும்.

இரண்டாம் வருஷத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்பது. மாடிப்படி ஏறும்போது முழங்காலில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று கணக்குப் போடுவது. நடக்கும்போது இருதயமும் மூச்சும் எப்படி ஒத்துப் போகின்றன என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் ஒருவர் நாடியையும் அவள் விட்டுவைக்கவில்லை. என் மாமியாரைக் கூடத்தில் ஆறு நிமிஷம் நடக்க வைத்து, எத்தனை மீட்டர் நடந்தார் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். மாமியாருக்கு ஒரே குஷி. "இவ்வளவு வயசுக்கு மேல் எனக்கும் ஒரு பரீட்சை வைத்தாளே!" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவளிடம் நேராகவே கேட்டேன்: "உடற்பயிற்சி செய்யச் சொல்ல நாலு வருஷம் படிக்க வேண்டுமா, அம்மா?"

அவள் சிரித்தாள். "அத்தை, மாத்திரை சாப்பிடுங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்று டாக்டர்தானே சொல்ல வேண்டும்? பயிற்சியும் அப்படித்தான். என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு கடினம், எவ்வளவு நேரம் - இந்த நாலும் ஆளுக்கு ஆள் மாறும். மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு ஒன்று, பக்கவாதம் வந்தவருக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்கு ஒன்று."

பிள்ளை பெற்றவள் என்றதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், பலமாகச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்து சங்கடப்படும் பெண்கள் எத்தனை பேர்! வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, கல்யாணம் கார்த்திகைக்குப் போவதையே விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. 1948-ல் ஆர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க டாக்டர் இடுப்புக்கு அடியில் உள்ள தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை இதற்காக எழுதி வைத்தார். இன்றும் அதுதான் முதல் வைத்தியம். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. ஆனால் சரியான தசையைச் சுருக்குகிறோமா என்று சொல்லித்தரப் படித்த ஒரு பெண் வேண்டும். நம் பெண்கள் இந்தப் படிப்புக்குப் போகவேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதாதா?

இதெல்லாம் நேற்றுப் பிறந்த சாஸ்திரமும் அல்ல. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அந்த ஊர் இரண்டடுக்கு பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே புகை. ஆனால் இருதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக வந்தது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளிலிருந்துதான் உடல் அசைவை மருந்தைப் போல அளந்து பார்க்கும் காலம் வளர்ந்தது. நம் நாட்டிலும் அதே 1953-ல்தான் பம்பாயில் பிசியோதெரபிக்கு முதல் பள்ளிக்கூடம் ஏற்பட்டது.

நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1954-ல் ஒரு கார் விபத்து அவருடைய இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்துவிட்டது. அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது அவருடைய முயற்சியால்தான். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அசைவின் அருமையை அவரைவிட யார் அறிந்திருக்க முடியும்?

இவ்வளவையும் நான் அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "சரி, சரி" என்றார். 'சரி' என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில், 'நீ சொல்லு, நான் கேட்கவில்லை' என்று அர்த்தம்!

இரண்டாம் வருஷம் முடிந்து ஆடி மாதம் வந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்காக நானும் அவளும் ஊருக்குப் போனோம். சிவனும் விஷ்ணுவும் ஒன்றே என்று சங்கரநாராயணராகக் காட்சி பெற, கோமதி அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஸ்தலம் அது. அம்பாளின் கால் வலியில் தாங்களும் பங்கு கொள்ளவேண்டும் என்று ஜனங்கள் நூற்றுக்கணக்கான முறை கோவிலைச் சுற்றுவார்கள். ஆடிச் சுற்று என்று அதற்குப் பெயர். என் மதினி வருஷம் தவறாமல் சுற்றுகிறவர். அந்த வருஷம் பத்துச் சுற்றில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால்.

வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் காத்துக்கொண்டிருந்தது. ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு. ஆனால் பையனின் தாயார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: "கண்டவங்களுக்கெல்லாம் கை கால் பிடிச்சு விடுற படிப்பாமே? அது நமக்கு வேண்டாம்." அண்ணன் முடிவு செய்துவிட்டார். தை மாதம் கல்யாணம். படிப்பு அத்தோடு போதும்.

பெண் ஒன்றும் பேசவில்லை. அழவும் இல்லை. அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொள்ளச் சொன்னாள். "யம்மா, அரை நிமிஷத்துல எத்தனை தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு பாப்போம்" என்று கடிகாரத்தைப் பிடித்தாள்.

ஆறு தடவை. அதற்குள் மதினிக்கு மூச்சு வாங்கியது.

"நான் பாக்காத வேலையா? காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வேலைதான். இதுக்கு மேல என்னத்த பயிற்சி?" என்று கேட்டார் மதினி.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டிருப்போம்! அதற்கு அவள் சொன்ன பதிலை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

"யம்மா, காட்டு வேலையும் தண்ணி சுமக்கறதும் உடம்புக்கு நல்லதுதான். இல்லேன்னு சொல்லலை. ஆனா நீ இருபது வருஷமா ஆபீஸுல சம்மணம் போட்டு உக்காந்து தீக்குச்சி அடுக்குன. அப்போ கை மட்டும்தான் ஓடிச்சு. தொடைத் தசை தூங்கிச்சு. வேலை செய்யும்போது வேலைக்குத் தக்கன உடம்பு வளையணும். பயிற்சி செய்யும்போது உடம்புக்குத் தக்கன பயிற்சி வளையும். அதுதான் வித்தியாசம்."

"மூட்டு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரே. ஆட்டினா இன்னும் தேயாதா?"

"தேயாதும்மா. மூட்டுல இருக்கிற குருத்தெலும்புக்குத் தனியா ரத்தக் குழாய் கிடையாது. அசையும்போதுதான் அதுக்குச் சாப்பாடு. முன்தொடைத் தசை பலமா இருந்தா மூட்டு மேல விழற பாரத்தை அது வாங்கிக்கிடும்."

ஒரு காகிதத்தில் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தாள். ஒன்று: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்துவது, பத்து முறை. இரண்டு: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அமுக்குவது. மூன்று: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதல் வாரம் கையை ஊன்றலாம், பிறகு ஊன்றாமல். இரண்டு வாரம் கழித்துக் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை. பிறகு ஒரு கிலோ.

மணல் பையைப் பார்த்ததும் எனக்கு இளவட்டக்கல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மந்தையில் உருண்டையாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் இளவட்டங்கள் அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டுக் காட்டினால்தான் பெண் கொடுப்பார்கள் என்பார்கள். ஒரே நாளில் யாரும் அதைத் தூக்கிவிட முடியாது. சிறிய பாரத்தில் ஆரம்பித்துப் பழகவேண்டும். ஆண்களுக்கு ஊரே கல் போட்டு வைத்தது. பெண்களுக்கு யார் போட்டு வைத்தார்கள்? ஒரு கிலோ மணல் பையைப் பெற்ற பெண் வந்து கட்டிவிட வேண்டியிருந்தது.

2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐ.சி.எம்.ஆர். நடத்தியது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நாலு இடங்களில் 14,227 பேரைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு - 54.4 சதவீதம் - உடல் அசைவு போதாது. நகரத்தில் 65 சதவீதம். ஆண்களைவிடப் பெண்கள் நிலை மோசம். தமிழ்நாட்டில் ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ கொஞ்சமும் செய்யாதவர்கள் 93.1 சதவீதம்! ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்தால்தானே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்.

நாங்கள் சென்னைக்குத் திரும்பினோம். தினம் ராத்திரி எட்டு மணிக்கு அவள் அம்மாவுக்குப் போன் போடுவாள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால், "பத்துப் போட்டியா?" என்று கேட்பாள். முதல் வாரம் வலி. இரண்டாவது வாரம் சலிப்பு. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வேடிக்கை பார்க்க வந்து, அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

தீபாவளிக்குப் போனபோது மறுபடியும் கடிகாரம். ஆறு, பதினொன்றாகியிருந்தது. தேய்ந்த மூட்டு புதிதாகிவிடவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் பழைய மூட்டுத்தான். ஆனால் கிணற்றடிப் படியில் மதினி கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினார்.

அன்று ராத்திரி அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி சோறு போட்டபடியே பேசினார். எங்கள் வீட்டில் அவர் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"கால் பிடிச்சு விடுற படிப்புன்னு அந்தம்மா சொன்னாங்கல்லா. என் காலை இவ ஒரு தடவைகூடப் பிடிச்சு விடலை. என் காலை என்னையே தூக்க வச்சா. பிடிச்சு விட்டிருந்தா தினம் ஒருத்தர் பிடிச்சு விடணும். இப்போ எனக்கு யாரும் வேண்டாம். இந்தப் படிப்பை நிப்பாட்டணும்னா அந்த வரனை நிப்பாட்டுங்க."

அண்ணன் மோர் கேட்டார். பிறகு, "அடுத்த ஃபீஸ் எப்போ கட்டணும், தாயி?" என்று மகளிடம் கேட்டார்.

வரன் நின்றது. படிப்பு நிற்கவில்லை. இப்போது அவள் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அந்தத் துறைக்கு முறையான அந்தஸ்து கொடுத்து 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டமும் கொண்டுவந்துவிட்டது. ஆனால், "டிரில் டீச்சரா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் கல்யாண வீட்டுப் பந்திக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் ஆகும்!

"இதெல்லாம் கிராமத்தில் சரி, பட்டணத்தில் எங்கே இடம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். சென்னையில் ஏஷியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. அங்கே 1998-ல் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் ஏதாவது பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம்தான். டாக்டர் வி. மோகனின் குழுவினர் எடுத்துச் சொன்னதைக் கேட்டுக் காலனிக்காரர்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். 2004-ல் மறுபடி கணக்கெடுத்தால் 58.7 சதவீதம்! உபதேசத்தோடு நிறுத்தாமல் நடக்க ஓர் இடமும் உண்டாக்கிக்கொண்டார்கள். அதுதான் ரகசியம்.

அளவு என்ன? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கைச் சொல்லுகிறேன். அடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான அசைவு. அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் இருக்க, நிலை தடுமாறாப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். மிதமானது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் நடை போதாது. பேசவே முடியாவிட்டால் அதிகம். நெஞ்சு வலி உள்ளவர்களும், மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருப்பவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

மாமியாருக்கு மாத்திரை, குழந்தைக்கு டானிக், கணவருக்கு உப்புக் குறைத்த குழம்பு என்று எல்லாருடைய மருந்துக்கும் வேளை வைத்திருக்கிறோம். நம்முடைய அரைமணிக்கு மட்டும் வேளை கிடையாது. அதற்கும் ஒரு வேளை வையுங்கள். மாலை ஐந்தரை மணி என்றால் ஐந்தரை மணி. அந்த நேரத்தில் காபி கேட்பவர்களுக்குக் காபிப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடுங்கள்!